கருகிய மோட்டார்

"நாளைக்கு எங்க வண்டி உங்க பக்கம்தான் வருது மேடம். காலையில சக்கர நாற்காலியை எடுத்துக்கலாமா?"

போனில் அந்தப் பெண் இப்படிக் கேட்டபோது சில்வி ஒரு காலில் மட்டும் கறுப்புக் காலுறையை மாட்டியிருந்தாள். மற்றது கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"எங்க பக்கம் உங்க வண்டி வருதா?"

"ஆமாம் மேடம்."

"செப்டம்பர்ல வரல. அக்டோபர்ல வரல. சாய்க்கிற மோட்டார் கருகிப்போச்சு, ஒரு ஆளை அனுப்புங்கன்னு வாரா வாரம் உங்ககிட்டதான் கெஞ்சினேன். அப்பல்லாம் எங்க டுலூத் ஊருக்கு ரோடு போடலையா?"

"அது ரிப்பேர் பிரிவு மேடம். நாங்க சாமானைத் திரும்ப வாங்குற பிரிவு."

"இன்னும் கொஞ்ச நேரத்துல என் அண்ணனுக்கு சர்ச்ல அடக்க ஆராதனை. அது உங்க பிரிவுக்குத் தெரியுமா?"

ஆழ்ந்த இரங்கல் என்றாள் அந்தப் பெண். எதிரில் எழுதி ஒட்டியிருந்ததைப் படிப்பது போலத்தான் சொன்னாள். பிறகு, விதிப்படி நாற்காலி இன்சூரன்ஸின் சொத்து, பயனாளி காலமானால் உடனே ஒப்படைத்துவிட வேண்டும் என்று அதே குரலில் தொடர்ந்தாள். சில்வி போனை வைத்துவிட்டாள்.

மற்ற காலுறையை இழுத்தபோது நகம் பட்டு முழங்கால் வரை கிழிந்தது. வேறு இல்லை. கிழிந்ததையே மாட்டிக்கொண்டாள்.

நாற்காலி அண்ணன் ஆர்னேயின் அறையில் ஜன்னலோரம் போர்வை மூடி நின்றிருந்தது. அதை யாரும் தொடக் கூடாது. புதன்கிழமை சட்ட உதவி மையத்தில் வக்கீலைப் பார்க்கப் போகிறாள். "என்ன ஆனாலும் நாற்காலியை மட்டும் கம்பெனிக்குக் குடுத்துடாதீங்க. அந்தக் கருகின மோட்டார்தான் நமக்கு சாட்சி" என்று அவர் போனில் சொல்லியிருந்தார். அவன் செத்த நாளிலிருந்து சில்வி இரண்டு வாய் சாப்பிட்டதும் சற்றுக் கண்ணயர்ந்ததும் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான். கம்பெனியைக் கூண்டில் ஏற்ற வேண்டும். பெயரும் முகமும் உள்ள யாராவது ஒருவர் எழுந்து நின்று, ஆமாம், எங்களால்தான் அவர் செத்தார் என்று சொல்ல வேண்டும். அது போதும் அவளுக்கு.

ஆர்னே லெஹ்டோ கப்பலில் இரும்புத்தாது ஏற்றும் துறைமுகத்தில் வேலை பார்த்தவன். இளம் வயதிலேயே அங்கே மேலேயிருந்து விழுந்தான். தோளுக்குக் கீழே எல்லாம் மரத்துப்போய், கைகள் மட்டும் அரைகுறையாக மிஞ்சின. மரத்துப்போன உடம்புக்கு வெறுமனே உட்கார்ந்திருப்பதே ஆபத்து. நமக்கென்றால் வலிக்கும், நகர்ந்து உட்காருவோம். அவனுக்கு வலிக்காது. அழுந்திய இடத்தில் ரத்தம் ஓடாமல் சதை உள்ளுக்குள்ளேயே செத்துப் புண்ணாகும். அதற்காகத்தான் இருக்கை மொத்தத்தையும் பின்னால் சாய்க்கிற அந்த மோட்டார். அரை மணிக்கு ஒரு முறை பொத்தானை அமுக்கிச் சாய்ந்து, கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிமிர்வான்.

போன குளிர்காலத்தில் பனி அள்ளும் வண்டி தெருமுனையில் குவித்துவிட்டுப் போன பனிமேட்டைச் சுற்றிப் போகாமல், முட்டி உடைத்துக்கொண்டு போகப் பார்த்தான். அவன் குணம் அப்படி. பனி உருக ரோட்டில் தூவிய உப்பும் சேறும் மோட்டாருக்குள் போய்விட்டன. அன்றிலிருந்து அது ஊம் என்று கிளம்பி, பாதியில் ஒரு கணம் நின்று, கரகரவென்று செருமிவிட்டு மேலே போய், டக் டக் என்று இரண்டு சத்தத்தோடு உட்காரும். சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த சில்விக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது. செப்டம்பரில் அது நின்றுபோனபோது அவளுக்குத் தூக்கம் கலைந்தது.

"மோட்டார் கருகிடுச்சு. கம்பெனிக்கு போன் போடு. நல்லாக் கத்து" என்றான் ஆர்னே.

அவன் நாற்காலிதான் ஊரிலேயே அடிக்கடி கெட்டுப்போகிற நாற்காலி. ஒரு வருஷம் ஓட்டுகிற பிடி போகும், ஒரு வருஷம் பேட்டரி போகும், சக்கரம் போகும். "பள்ளிக்கூட பஸ் ஓட்டுறவ நானு. நான்கூட ஒரு சாமானை இப்படிப் பாழாக்குறதில்ல" என்று அவள் கேலி செய்வாள். அவன் சிரித்துக்கொண்டே போனை அவள் பக்கம் தள்ளுவான். கத்துவது அவள் வேலை. அதில் அவள் கெட்டிக்காரி. பஸ்ஸில் கடைசி வரிசைப் பிள்ளைகள்கூட அவள் குரலுக்கு அடங்கும்.

இந்த முறை எந்தக் கத்தலும் பலிக்கவில்லை. சாமானுக்குச் சொல்லியிருக்கிறோம் என்றார்கள். டாக்டர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். ஆள் வேலையை விட்டுப் போய்விட்டான் என்றார்கள். நடுநடுவே காத்திருக்கச் சொல்லி போனில் பியானோ வாசித்தார்கள். அக்டோபர் கடைசியில் அவனைப் புரட்டிக் கழுவிய நர்ஸ் சட்டென்று பேச்சை நிறுத்தினாள். புண் எலும்பு வரை போயிருந்தது. அங்கிருந்து கிருமி ரத்தத்துக்குப் போனது.

சர்ச் மலைச்சரிவில் பாதி உயரத்தில் இருந்தது. ஏரியிலிருந்து வந்த காற்று கதவைத் திறக்க விடவில்லை. சில்வி தோளால் முட்டித் திறந்துகொண்டு முன்கூடத்துக்குள் வந்தபோது டெல்ஃபின் தன் சக்கர நாற்காலியில், மடியில் பெரிய பாத்திரம் நிறையக் காட்டரிசி சூப்போடு உட்கார்ந்திருந்தாள். அறுபதைத் தாண்டியவள். சர்க்கரை நோயில் இரண்டு கால்களையும் கொடுத்தவள். நாக்கை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. மேற்குப் பக்கம் பழைய டயர் கடையில் அவளும் ஆர்னேயும் சேர்ந்துதான் ஒரு கொட்டகை நடத்தினார்கள். குளியல் நாற்காலி, நடைவண்டி, ஆளைத் தூக்கும் எந்திரம், பேச முடியாதவர்களுக்குப் பேசும் பலகை என்று எல்லாம் அங்கே கிடைக்கும். வேண்டியவர்கள் வந்து எடுத்துப் போவார்கள், வேலை முடிந்ததும் கொண்டுவந்து போடுவார்கள். உடைந்ததை இருவரும் உட்கார்ந்து சரி செய்வார்கள். டெல்ஃபினின் கையும் ஆர்னேயின் வாயும் என்று ஊரில் சொல்வார்கள்.

"கம்பெனிக்காரி போன் பண்ணினா. நாளைக்கு வண்டி அனுப்புறாளாம், நாற்காலியைத் தூக்கிட்டுப் போக" என்றாள் சில்வி.

டெல்ஃபின் வாயிலிருந்து நல்ல வசவாக ஒன்று வரும், கேட்டால் மனசு ஆறும் என்று எதிர்பார்த்தாள். டெல்ஃபின் பாத்திரத்தின் மூடியைத் திருகிச் சரி செய்தாள்.

"குடுத்துடு."

"என்னது?"

"குடுத்துத் தொலைச்சிடு, சில்வி. அதை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?"

"அதுதான் சாட்சின்னு வக்கீல் சொல்றார்."

"வக்கீல் சொல்வார். அவருக்கென்ன."

ஆளைத் தூக்கும் எந்திரம் ஒன்றைத் திரும்பக் கேட்டு வந்த கம்பெனி ஆளிடம், அதைத் தன் குளியலறைத் தொட்டிக்குள் திரைபோட்டு மறைத்துவைத்துவிட்டு, காணவில்லை என்று கண்ணீர் விட்டவள் இந்த டெல்ஃபின். ஒரு திருகாணியைக்கூடத் திருப்பித் தந்தவளில்லை. அவளா சொல்கிறாள் என்று சில்விக்கு ஆத்திரமாக வந்தது. கேட்பதற்குள் ஆர்கன் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பீடத்துக்கு முன்னால் ஒரு சின்ன மேஜை. அதன் மேல் மரப்பெட்டி. ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆள் அதற்குள் சாம்பலாக இருந்தான். குளிரில் தரை இறுகிவிட்டதால் வசந்தத்தில்தான் புதைப்பார்கள். சில்வி முதல் வரிசையில் உட்கார்ந்தாள். டெல்ஃபினும் கொட்டகைக்காரர்களும் கடைசி வரிசைக்கும் பின்னால், கோட்டு மாட்டும் கம்பிகளுக்குப் பக்கத்தில் ஒதுங்கியிருந்தார்கள். சக்கர நாற்காலிக்கு அந்த சர்ச்சில் வேறு இடம் கிடையாது. இரண்டு பெஞ்சுகளை வெட்டி இடம் விடுங்கள் என்று ஆர்னே ஆண்டுக் கூட்டம்தோறும் கேட்டான். அந்த பெஞ்சுகள் விலையுயர்ந்த ஓக் மரம் என்று ஒவ்வொரு முறையும் பதில் சொன்னார்கள்.

பாஸ்டர் ஹால்வர்சன் நல்ல மனுஷர். அதுதான் கஷ்டம். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னிக்கு நம்ம ஆர்னேக்கு அந்த நாற்காலி தேவையில்ல. ஆண்டவர் சந்நிதியில அவர் எழுந்து நிக்கிறார். நடக்கிறார். ஓடுறார்" என்றார்.

பின்னாலிருந்து டெல்ஃபின் மூக்கால் ஒரு சத்தம் விட்டாள். குதிரை விடுகிற மாதிரி. சிலர் திரும்பிப் பார்த்தார்கள். சில்வி பல்லைக் கடித்துக்கொண்டாள். ஓடவா கேட்டான் அவன்? இந்தக் கூடத்தில் நடுவில் ஓரிடம் கேட்டான். கீழ்த்தளத்துக்குப் போகிற லிஃப்டைச் சரி செய்யக் கேட்டான். ஒரு மோட்டார் கேட்டான். அதில் எதையும் தராமல் சொர்க்கத்தில் இரண்டு காலைத் தந்துவிட்டார்கள்.

பாஸ்டர் தலை குனிந்தார். எல்லாரையும் மௌனமாக இருக்கச் சொன்னார். கூடம் அடங்கியது.

அந்த அமைதியில் பின்னாலிருந்து ஊம் என்று ஒரு சத்தம் கிளம்பியது. பாதியில் நின்றது. கரகரவென்று செருமியது. பிறகு மேலே போய், டக் டக் என்று உட்கார்ந்தது.

சில்விக்கு அது தெரிந்த சத்தம். ஒரே ஒரு கணம், அவன் பின்னால்தான் இருக்கிறான், இவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்தான் என்று நினைத்துவிட்டாள். முகம் தானாகவே மலர்ந்தது. அப்படியே திரும்பினாள்.

கோட்டுகளுக்குப் பக்கத்தில், கூரையைப் பார்த்துச் சாய்ந்திருந்தவள் கொட்டகைக்கு வருகிற மார்லா.

ஆராதனையின் மீதி என்ன ஆனது என்று சில்விக்குத் தெரியாது. எழுந்தபோது எழுந்தாள், பாடியபோது புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு வழக்கம்போல எல்லாரும் சாப்பாட்டுக்குக் கீழ்த்தளத்துக்கு இறங்கினார்கள். லிஃப்ட் கதவில் கோடையிலிருந்து ஒட்டியிருந்த 'பழுது' காகிதத்தைக் கடந்து, காப்பி வாசனையைப் பிடித்துக்கொண்டு மாமன் மகன்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் துறைத்தொழிலாளிகளும் படியில் தடதடவென்று போனார்கள். முன்கூடத்தில் சக்கர நாற்காலிக்காரர்கள் மட்டும் தங்கிவிட்டார்கள். இரண்டு பேர் சிகரெட் பிடிக்க வெளியே சாய்தளத்துக்குப் போக, டெல்ஃபினும் மார்லாவும் மிஞ்சினார்கள்.

மார்லா நூலகத்தில் போனில் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறவள். முப்பத்தைந்து வயசு இருக்கலாம். ஒரு விபத்து அவள் உடம்பையும் ஆர்னேயின் உடம்பைப் போலவே ஆக்கியிருந்தது. சில்வி நேராக அவள் நாற்காலிக்குப் பின்னால் போனாள். முதுகில் தொங்கிய சாம்பல்நிறக் கோட்டைத் தூக்கிப் பார்த்தாள். மோட்டாரின் மேல் பச்சை நகப்பூச்சில் ஒரு பொட்டு. சில்வியின் நகப்பூச்சுதான். கொட்டகைச் சாமானோடு கலந்துவிடக் கூடாது என்று ஆர்னே தன் சாமான் எல்லாவற்றிலும் அதை வைப்பான்.

"இது என் அண்ணனோடது" என்றாள் சில்வி.

"ஆமா" என்றாள் மார்லா. திரும்பிப் பார்க்க அவளால் முடியாது. முன்னால் இருந்த சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"சில்வி, வெளிய போய்ப் பேசலாம் வா" என்றாள் டெல்ஃபின்.

"நீ சும்மா இரு. இவ நாற்காலியில இது இருந்தா, எங்க வீட்டு நாற்காலியில கருகிக் கிடக்குறது யாரோடது?"

"என்னோடது" என்றாள் மார்லா.

இவ்வளவுதான் விஷயம். ஆகஸ்டில் மார்லாவின் மோட்டார் கருகியது. அவளுக்கு இருப்பது மாநில அரசின் இன்சூரன்ஸ். புது மோட்டார் இப்போது கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். முந்தின வருஷம்தான் புண் வந்து, அறுவை செய்து, குளிர்காலம் முழுவதும் குப்புறப் படுத்துக் கிடந்தவள் அவள். ஆர்னேக்குத் துறைத்தொழிலாளர் சங்கத்தின் இன்சூரன்ஸ், கேட்டதைக் கொடுக்கும். அதனால் கொட்டகையில் எப்போதும் செய்வதையே செய்தார்கள். உடைந்த சாமான் நல்ல இன்சூரன்ஸ் உள்ளவன் நாற்காலிக்குப் போகும். நல்ல சாமான், அப்படி இன்சூரன்ஸ் இல்லாதவனுக்குப் போகும். உள்ளவன் கம்பெனிக்கு போன் போடுவான், பத்துப் பதினைந்து நாளில் புதுசு வந்துவிடும். அவ்வளவு வருஷமாக ஆர்னே நாற்காலியில் கெட்டுப்போன பிடியும் பேட்டரியும் சக்கரமும் ஊரில் யார் யாருடையவோ.

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி நாற்காலி. டெல்ஃபின்தான் மாத்தி மாட்டினாங்க. ரெண்டு வாரம்தான்னு சொன்னார் ஆர்னே" என்றாள் மார்லா.

"கோடையில கம்பெனி கைமாறிடுச்சு. இங்க இருந்த பட்டறையை மூடிட்டாங்க. அது எங்களுக்குத் தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா ஸ்பேனரைத் தொட்டிருப்பேனா?" என்றாள் டெல்ஃபின்.

"வரலன்னு தெரிஞ்சதும் கழட்டிக் குடுக்க வேண்டியதுதானே?"

"கேட்டேன். எப்பப் பார்த்தாலும் கேட்டேன். அடுத்த வாரம் வந்துடும், நீ நூலக வேலைக்குப் போ அப்படின்னார். புண்ணு வந்ததை எங்கிட்ட சொல்லவேயில்ல" என்றாள் மார்லா.

"வலிக்காதவனுக்கு எப்படித் தெரியும்? உனக்குத் தெரியாதா அது? உனக்கே வந்ததுதானே?"

மார்லா மறுபடியும் எதிர்ச்சுவரைப் பார்த்தாள்.

"என்கிட்ட ஏண்டி சொல்லல?" என்று சில்வி டெல்ஃபின் பக்கம் திரும்பினாள். "உங்க எல்லாருக்கும் தெரியும். கூட இருக்கிறவ நான். அவனைத் தூக்கி உட்கார வைக்கிறவ நான். கருகிடுச்சு கருகிடுச்சுன்னு அந்தப் பொம்பளைங்ககிட்ட தொண்டை கிழியக் கத்தினவ நான்."

டெல்ஃபின் தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

"அதுக்காகத்தான் சொல்லல. பொய் சொன்னா சில்வி குரல் மெலிஞ்சு போயிடும், போன்ல காட்டிக் குடுத்துடுவா அப்படின்னான் ஆர்னே. நிஜமாக் கோபம் வந்தாத்தான் அவ குரல் வேலை செய்யும்னான்."

சில்விக்கு அந்த மரப்பெட்டியைத் திறந்து அவனை எழுப்பி அறைய வேண்டும் போலிருந்தது. இத்தனை வருஷமும் அவளை ஒரு சாமானாகத்தான் வைத்திருந்தான். பிடி, பேட்டரி, சக்கரம், சில்வியின் குரல். அவனுக்குப் புண் வரும் என்று அவள் பயந்தது, பியானோவைக் கேட்டுக்கொண்டே சமையலறையில் அழுதது எல்லாம் அவன் போட்ட கணக்குக்குள் இருந்திருக்கிறது. கணக்கு தப்பியதும் அதைச் சொல்ல வாய் வரவில்லை அவனுக்கு. சொன்னால் மார்லா அன்றைக்கே மோட்டாரைக் கழற்றிக் கொடுத்துவிடுவாள் என்று தெரியும்.

"அந்த மோட்டார்ல நம்பர் இருக்கு" என்றாள் டெல்ஃபின், மெதுவாக. "நம்ம வக்கீல் பார்த்தா அவங்க வக்கீலும் பார்ப்பான். அது மார்லா நாற்காலி நம்பர். அவங்களே மாத்திக்கிட்டாங்க, ஏமாத்திட்டாங்கன்னு ஒரே பிடியாப் பிடிப்பான். மார்லாவோட இன்சூரன்ஸ் போகும். கொட்டகையும் போகும்."

"அவங்க ஆள் அனுப்பாதது பொய்யா? இத்தனை மாசம் பியானோ வாசிச்சது பொய்யா?"

"பொய்யில்ல. ஆனா அந்த வக்கீலுக்கு அந்த நம்பர் போதும். கேஸ் இல்லாமத் திரும்பிப் போனா நம்பரை யாரும் பார்க்கப் போறதில்ல."

"நான் வந்து வக்கீல்கிட்ட நடந்ததைச் சொல்றேன்" என்றாள் மார்லா. குரல் நடுங்கவில்லை. பல நாளாக யோசித்து வைத்திருந்தவள் மாதிரி சொன்னாள். "இதைக் கழட்டிக்குங்க. டெல்ஃபின் பையில ஸ்பேனர் இருக்கு. கழட்டி அவர் நாற்காலியிலயே மாட்டிடுங்க. அப்புறம் கேஸ் போடுங்க."

"உளறாத. கழட்டின மறுவாரம் நீ குப்புறப் படுக்கணும்" என்றாள் டெல்ஃபின்.

"படுத்துக்கறேன்."

சரி, கழற்று என்று சொல்லத்தான் சில்வி வாயெடுத்தாள். மனசார அதைத்தான் விரும்பினாள். யாராவது ஒருவர் எழுந்து நின்று எங்களால்தான் செத்தார் என்று சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாளே, இதோ ஒருத்தி சொல்கிறாள். எழுந்து நிற்க முடியாதவள் சொல்கிறாள்.

அப்போது படியில் மூச்சு வாங்கிக்கொண்டு எலீஸ் வந்தாள். சாப்பாட்டுக் குழுவின் தலைவி. இரண்டு கையிலும் காகிதத் தட்டு, ஹாம் சாண்ட்விச்சும் எலுமிச்சைக் கேக் துண்டும் வைத்தது.

"நீ இங்கயா இருக்க? கீழ எல்லாரும் தேடறாங்க. இவங்களுக்கு மேலயே குடுத்துடலாம்னு எடுத்துட்டு வந்தேன். மடியில வச்சுச் சாப்பிட்டுடுவாங்கல்ல?"

"கீழே போட்டிருக்கிற மேஜையைத் தூக்கிட்டு வந்து இங்க போடுங்க" என்றாள் சில்வி.

"எல்லாத்தையுமா? அம்மாடி, காப்பிப் பாத்திரமெல்லாம் அங்க—"

"யார் செத்துப்போனதுக்கு இந்தச் சாப்பாடு? அவன் உயிரோட இருந்து இன்னிக்கு வந்திருந்தா, அவன் சாவுச் சாப்பாட்டுக்கு அவனே கீழ இறங்கியிருக்க முடியாது. அவனும் இங்க ஓரமா ஒதுங்கித்தான் தின்னிருக்கணும். மேஜையைத் தூக்கிட்டு வாங்க எலீஸ். இல்லன்னா நானே போய்த் தூக்குவேன்."

எலீஸ் தட்டுகளை ஜன்னல் மேட்டில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் கீழே போனாள்.

மார்லாவின் போன் பீப் என்றது. அரை மணி ஆகிவிட்டது, சாய வேண்டிய நேரம். ஆர்னேயும் தன் போனில் அதே பீப்தான் வைத்திருந்தான். மார்லா மணிக்கட்டால் தட்டி அதைச் சற்று நேரத்துக்கு நிறுத்தினாள். பொத்தானை அமுக்கவில்லை. கை பிடியின் மேலேயே கிடந்தது.

சில்வி அதைப் பார்த்தாள். டெல்ஃபினும் பார்த்தாள். கீழே நாற்காலிகளை இழுக்கிற சத்தமும், யாரோ எதற்கோ சிரித்ததும் கேட்டது.

சில்வி கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். எண் விரலுக்கு மனப்பாடம். பியானோ வந்தது. முழுவதையும் நின்றபடியே கேட்டாள். காலையில் பேசிய அதே பெண் வந்தாள்.

"லெஹ்டோ வீட்டுலேர்ந்து பேசறேன். நாளைக்கு வந்து நாற்காலியை எடுத்துக்குங்க."

"ரொம்ப நன்றி மேடம். நாற்காலி முழுசா இருக்கா? எந்தப் பாகத்தையும் மாத்தலயே?"

டெல்ஃபின் தலையைத் தூக்கினாள்.

"எதையும் மாத்தல" என்றாள் சில்வி. குரல் மெலியவில்லை. கணீரென்று கூடத்தில் எதிரொலித்தது. "நீங்க அனுப்பாத மோட்டார் ஒண்ணுதான் அதுல இல்ல. மத்ததெல்லாம் அப்படியே இருக்கு. வந்து பார்த்துக்குங்க."

"குறிச்சுக்கிட்டேன் மேடம். உங்க ஒத்துழைப்புக்கு நன்றி. இந்த அழைப்பு முடிஞ்சதும் எங்க சேவைக்கு ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள ஒரு மதிப்பெண்—"

சில்வி போனை அணைத்துக் கைப்பைக்குள் போட்டாள். ஜிப் மாட்டிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை, விட்டுவிட்டாள். புதன்கிழமை வக்கீலிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்வாள். ஏன் என்று கேட்பார். பல வருஷத்துக்கு அவளுக்குள் அந்த ஏன் எரிந்துகொண்டிருக்கும். கம்பெனிக்கு அது தெரியக்கூடப் போவதில்லை.

"சில்வி," என்றாள் மார்லா, "நான்—"

"பேசாத. உன் மேல எனக்கு இன்னும் கோபம் போகல. போகும்னும் தோணல."

"சரி."

மார்லாவின் போன் மறுபடியும் பீப் என்றது. மார்லா அதைத் தட்ட மணிக்கட்டைத் தூக்கினாள். சில்வி போனின் மேல் தன் கையை வைத்து மூடினாள்.

"அமுக்கு" என்றாள்.

மார்லா அசையவில்லை.

"அமுக்குன்னு சொல்றேன்ல."

மார்லா பொத்தானை அமுக்கினாள். ஊம் என்று கிளம்பியது. இருக்கை மெல்லப் பின்னால் சாயத் தொடங்கி, பாதியில் நின்றது. சில்வி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அது கரகரவென்று செருமிவிட்டு மேலே போய், டக் டக் என்று உட்கார்ந்தது.

மார்லா கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் ஓடியது. படியில் யாரோ மேஜையை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள், அதன் கால் சுவரில் இடித்தது. சில்வி நாற்காலிக்குப் பின்னால் போய், ஒதுங்கியிருந்த சாம்பல்நிறக் கோட்டை அந்தப் பச்சைப் பொட்டு மறையும்படி கீழே இழுத்துவிட்டாள்.